ஆண்களுக்கான கூலிங் கிளாஸ்: பைக், கார், பவர் மூன்றுக்கும் ஒத்துவர எதைப் பார்த்து வாங்குவது?

#1 தல்லாகுளம்

வணக்கம். கூலிங் கிளாஸ் வாங்கணும். தினமும் காலை எட்டரைக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் பைக், ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். சனி, ஞாயிறு கார். இரண்டு கண்ணும் மைனஸ் 2.50, சிலிண்டர் பவர் (ஒரு திசைக்கு மட்டும் கூடும் பவர்) இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுவதில்லை. பவர் லென்ஸோடு சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் வட்ட முகத்துக்குச் சதுர பிரேம், சதுர முகத்துக்கு வட்ட பிரேம் என்பதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை. கடையில் கேட்டால் போலரைஸ்டு எடுங்க சார், அதுதான் பெஸ்ட் என்கிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும்? ஒரே கண்ணாடி மூன்றுக்கும் ஒத்துவருமா?

#2 மூக்குத்தாங்கி

முக வடிவப் படத்தை மூடி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அளவு. இப்போது போட்டிருக்கும் பவர் கண்ணாடியின் காதுக்கம்பி உள்பக்கத்தைப் பாருங்கள். 52□18 140 மாதிரி ஒரு வரிசை இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரு லென்ஸ்களுக்கு நடுவே மூக்கின் மேல் வரும் இடைவெளி, மூன்றாவது காதுக்கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். அந்தக் கண்ணாடி நழுவாமல், நெற்றிப்பொட்டில் (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே) அழுத்தாமல் உட்கார்ந்தால் அதே எண்களில் 2 மி.மீ. முன்பின் இருப்பதைத்தான் தேட வேண்டும்.

பிரேமின் மொத்த அகலத்தைப் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். முன்பக்கம் ஒரு கீலிலிருந்து மறு கீல் வரை ஸ்கேல் வைத்து அளக்கலாம். முகத்தையும் கண்ணாடி முன் நின்று பொட்டுக்குப் பொட்டு அளந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 130-க்குக் கீழே சின்ன முகம், 140-க்கு மேலே பெரிய முகம். பிரேம் முகத்தைவிட 3, 4 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டினால் குனியும்போதெல்லாம் கையால் பிடிக்க வேண்டியிருக்கும். முகத்தைவிடக் குறுகினால் காதுக்கம்பி வெளிப்பக்கம் விரிந்து நின்று, அந்த விரிவே கண்ணாடியை முன்னால் தள்ளும். மூக்கில் நழுவுகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு மூக்கில் இல்லை, இந்த அகலத்தில்தான்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது வாய்விட்டுச் சிரியுங்கள். கன்னம் எழும்பிப் பிரேமைத் தூக்கினால் லென்ஸின் உயரம் அதிகம், அல்லது மூக்குப் பகுதி உங்களுக்குத் தாழ்வாக இருக்கிறது. நன்றாகக் கண் சிமிட்டுங்கள், இமைமுடி லென்ஸைத் தொடக்கூடாது. தொட்டால் தினமும் எண்ணெய்க் கோடு விழும். காதுக்கம்பி வளையத் தொடங்கும் இடம் காதின் மேல்விளிம்பைத் தாண்டியவுடன் இருக்க வேண்டும். அதற்கு முன்பே வளைந்தால் காதின் பின்னால் புண்ணாகும், ரொம்பத் தள்ளி வளைந்தால் பிடிப்பே இருக்காது.

உங்கள் எண்களையும், பவர் சீட்டில் பிடி (PD) என்று எழுதியிருக்கும், இரு கண்மணிகளுக்கு இடையேயான தூரத்தையும் போடுங்கள். பிறகு பிரேமுக்கு வரலாம்.

#3 நெடுஞ்சாலை

ஹெல்மெட் விஷயத்தை நான் சொல்றேன். கடைக்குப் போறப்ப ஹெல்மெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஹெல்மெட் மாட்டின பிறகு கன்னத்துப் பஞ்சு கன்னத்தை மேல தள்ளும். வெறும் முகத்துல கச்சிதமா இருந்த பிரேம் அப்பத்தான் 2, 3 மி.மீ. ஏறி நிக்கும்.

காதுக்கம்பி மெல்லிசா, நேரா இருக்கணும். வேஃபேரர் மாதிரி தடிமனான அசிடேட் பிளாஸ்டிக் கம்பி பஞ்சுக்கும் பொட்டுக்கும் நடுவுல மாட்டி, அரை மணி நேரத்துல தலைவலி கொடுக்கும். நுனி ரொம்பக் கொக்கியா வளைஞ்சிருந்தா மாட்டின ஹெல்மெட்டுக்குள்ள நுழையாது, பஞ்சுல இடிச்சு நிக்கும். ஸ்பிரிங் கீல் வெளிப்பக்கம் புடைச்சிருந்தா அதுவும் அழுத்தும்.

வைசர் கிளியரா ஸ்மோக்கா? ஸ்மோக்னா கூலிங் கிளாஸே போடாதீங்க. ரெண்டையும் சேர்த்தா புளியமர நிழல்ல கிடக்கிற பள்ளம் தெரியாது.

#4 ஒளிவிலகல்

#3-ல் சொன்னதைக் கணக்காகவே காட்டலாம். கூலிங் கிளாஸ் லென்ஸ்களை எவ்வளவு ஒளியை உள்ளே விடுகின்றன என்பதை வைத்து 0 முதல் 4 வரை பிரிக்கிறார்கள். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல், 1 என்றால் 43 முதல் 80, 2 என்றால் 18 முதல் 43, 3 என்றால் 8 முதல் 18, 4 என்றால் 3 முதல் 8. நான்காம் வகை வண்டி ஓட்டக் கூடாதது. பனிமலைக்கும் பனிப்பாறைக்கும் செய்தது. நம் ஊர் வெயிலுக்கு மூன்றாம் வகை போதும்.

15 சதவீத ஒளி விடும் மூன்றாம் வகை லென்ஸோடு 50 சதவீதம் விடும் ஸ்மோக் வைசரைச் சேர்த்தால் கண்ணுக்கு வருவது 7.5 சதவீதம். அதாவது நான்காம் வகைக்குள் போய்விட்டீர்கள். காரில் முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீதம் விட வேண்டும் என்பது சட்டம், அங்கே 10.5 வரும், பரவாயில்லை. இருட்டிய பிறகு 75 சதவீதத்துக்குக் குறைவாக விடும் எந்த லென்ஸும் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல. இரவு ஓட்டும் கண்ணாடி என்று விற்கும் மஞ்சள் லென்ஸ் எதிர்வண்டி வெளிச்சத்தைக் குறைப்பதோடு சாலையோரம் நடந்து போகிறவரையும் சேர்த்துத்தான் மங்கலாக்குகிறது.

வகை எண்ணைப் பிரேம் உள்பக்கம் சிஇ (CE) என்ற ஐரோப்பிய முத்திரைக்குப் பக்கத்தில் தேடுங்கள். ரே-பேன் பிரேம்களில் அளவு எண்களை அடுத்து 3என் (3N) என்று இருக்கும், அந்த 3 இதுதான்.

இனி முக்கியமானது. கறுப்பாக இருப்பதற்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தடுப்பது லென்ஸ் பொருள், அல்லது அதில் கலந்த சேர்மம், அல்லது மேற்பூச்சு. நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ் ஏறக்குறைய 380 நானோமீட்டர் அலைநீளம் வரை தானாகவே தடுத்துவிடும். யூவி 400 என்றால் 400 வரை. தடுப்பில்லாத கறுப்பு லென்ஸ் வெறும் கண்ணைவிட மோசமாகவும் ஆகலாம். இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், இமை சுருங்காது, கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகக்கூடும்.

#5 புங்கமரம்

இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் விற்பதற்குச் சொல்வது. பஸ் ஸ்டாண்டு வாசலில் 200 ரூபாய்க்கு விற்பதிலும் யூவி 400 ஸ்டிக்கர் இருக்கிறதே? அதில் என்ன குறை?

#6 கடைவீதி

புங்கமரம், பாதி சரி. 200 ரூபாய்க் கண்ணாடி பாலிகார்பனேட்டில் செய்திருந்தால் புற ஊதாவைப் பொறுத்தவரை தப்பில்லாமலே இருக்கலாம். ஆனால் அந்த விலையில் ஆக்ரிலிக் லென்ஸும் நிறைய வருகிறது. சேர்மம் கலக்காத ஆக்ரிலிக் புற ஊதாவில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஸ்டிக்கரைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஸ்டிக்கர் தனியாக ரோல் ரோலாகக் கிடைக்கும் சமாச்சாரம்.

சோதிக்க வழி உண்டு. 365 நானோமீட்டர் யூவி டார்ச் ஒன்று, ஏதேனும் ஒரு கரன்சி நோட்டு. நோட்டின் எண் வரிசை யூவி வெளிச்சத்தில் ஒளிரும். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். ஒளிர்வு முழுதாக அணைந்தால் லென்ஸ் தடுக்கிறது. மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395. அதில் சோதித்தால் 380 வரை தடுக்கும் நல்ல லென்ஸும் தோற்ற மாதிரிக் காட்டும், ஊதா வெளிச்சமும் குழப்பும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள்.

கடையில் காட்டும் இரண்டு வித்தைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீல லேசர் பேனாவை லென்ஸ் வழியாக அட்டையில் அடித்துக் காட்டுவது நீல ஒளி தடுப்புக்கான சோதனை. பெட்டியோடு வரும் மறைபடம் உள்ள அட்டை போலரைஸ்டா என்று மட்டும் சொல்லும். இரண்டுக்கும் புற ஊதாவுக்கும் தொடர்பில்லை.

மலிவு லென்ஸின் உண்மையான தொல்லை நெளிவு. லென்ஸைக் கை நீட்டிப் பிடித்து அதன் வழியே ஒரு டைல்ஸ் கோட்டையோ கதவு நிலையையோ பாருங்கள். லென்ஸை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். கோடு எந்த இடத்திலாவது பாம்பு மாதிரி நெளிந்தால் அச்சில் வார்த்தபோதே கோணலாகிவிட்டது. அதைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினால் கண் வலிக்கும், வெயில் மேல் பழி போடுவோம். விளிம்பு ஓரத்தில் மட்டும் லேசாக வளைந்தால் பரவாயில்லை.

#7 மூக்குத்தாங்கி

#6 முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கவாட்டு இடுக்கு வழியாக வருவதை அது தடுக்காது. பொட்டுப் பக்கம் சாய்வாக வரும் கதிரைக் கருவிழியே ஒரு வில்லை போல வளைத்து, மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்ச்சி பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கடற்கரை மணல் புற ஊதாவில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். கீழிருந்தும் வருகிறது என்று அர்த்தம்.

ஆகவே, சின்ன வட்ட பிரேம் பார்க்க அழகாக இருக்கலாம், வேலைக்கு ஆகாது. பிரேமின் மேல்விளிம்பு புருவத்தையொட்டியும், பக்கவாட்டில் முகத்துக்கு முடிந்தவரை நெருங்கியும் இருக்க வேண்டும். காதுக்கம்பி கீல் பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது. நெடுஞ்சாலை சொன்ன மெல்லிய கம்பிக்கு இது முரண்தான். கீல் அருகே 10, 12 மி.மீ. அகலம், போகப் போகத் தட்டையாக மெலிவது என்று ஸ்போர்ட்ஸ் வகைகளில் கிடைக்கும், அது இரண்டுக்கும் ஒத்துவரும்.

#8 தல்லாகுளம்

பழைய கண்ணாடியில் 53□18 145 என்று இருக்கிறது. முகம் 141 மி.மீ. பிடி 63. வைசர் கிளியர். பைக் மீட்டர் டி.எஃப்.டி திரை (எல்.சி.டி வகை வண்ணத் திரை).

தண்ணீர்த் துளி வடிவ ஏவியேட்டர் பிரேம், 62 அளவு ஒன்று மனதில் இருந்தது. அப்புறம், போலரைஸ்டு வேணுமா வேண்டாமா அண்ணே?

#9 நெடுஞ்சாலை

பைக்குக்கு வேண்டாம். டி.எஃப்.டி திரைல ஏற்கெனவே ஒரு போலரைசர், அதாவது ஒரே திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடுற படலம் இருக்கு. உங்க லென்ஸ் அதுக்குக் குறுக்க வந்தா திரை மங்கும், சில வண்டியில மொத்தமா கறுத்துடும். தலையைச் சாய்ச்சா தெரியும், நேரா பார்த்தா தெரியாதுன்னா ஓட்டுறப்ப என்ன பண்றது? கடையிலிருந்து அந்தக் கண்ணாடியை வெளிய வாங்கி வந்து, வண்டி சாவியைப் போட்டு நேரா ஒரு தடவை பாருங்க. போனையும் நட்டுக்குத்தலா, படுக்கவச்சு ரெண்டு விதமாவும். பெட்ரோல் பங்குல ஜீரோ பாருங்கன்னு சொன்னா கழட்டிட்டுப் பாருங்க, அந்த மீட்டரும் எல்.சி.டி.தான்.

இன்னொண்ணு, வைசர். பாலிகார்பனேட் வைசரை வார்க்கிறப்ப உள்ள இழுவிசை தங்கிடும். போலரைஸ்டு வழியா பார்த்தா வைசர் முழுக்க வானவில் பட்டை பட்டையா தெரியும். வைசரை மூடி ஓட்டுறவங்களுக்குப் பெரிய எரிச்சல்.

#10 ஒளிவிலகல்

போலரைஸ்டை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். அது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தால் முடிவு எளிது. தண்ணீர், தார்ச் சாலை, கார் கண்ணாடி போன்ற உலோகமல்லாத பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெருமளவு கிடைமட்டமாக அதிர்கிறது. லென்ஸுக்குள் இருக்கும் அயோடின் ஏற்றிய படலம் அந்தக் கிடைமட்ட ஒளியை விழுங்கிவிட்டுச் செங்குத்தானதை மட்டும் விடும். எட்வின் லாண்ட் 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போலரைசர் படலத்தின் வழி வந்ததுதான் இது.

தண்ணீருக்கு இது உச்சத்தில் நடப்பது ஒளி செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்ந்து விழும்போது, அதாவது சூரியன் தொடுவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில் இருக்கும்போது. நம் ஊரில் ஏறக்குறைய காலை ஒன்பதும் பிற்பகல் மூன்றரையும். மழை பெய்து ஓய்ந்த சாலை, டேஷ்போர்டின் நிழல் முன் கண்ணாடியில் விழுவது, முன்னே போகும் காரின் பின்கண்ணாடி மின்னுவது, இவற்றுக்கெல்லாம் போலரைஸ்டுக்கு ஈடு கிடையாது. எவர்சில்வர், குரோம் மின்னுவதை அது அதிகம் குறைக்காது. நேராக முகத்தில் அடிக்கும் சூரியனுக்கும் அதில் தனிச் சிறப்பு எதுவுமில்லை, அங்கே சாதாரண டின்ட் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

காரில் பக்கக் கண்ணாடிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிவது கோளாறு அல்ல, கண்ணாடியைச் சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கியதன் தடம்.

#11 புங்கமரம்

அப்போ ஃபோட்டோகுரோமிக்? வெயிலில் கறுக்கும், நிழலில் வெளுக்கும். ஒரே கண்ணாடியில் வேலை முடிந்துவிடுமே.

#12 மூக்குத்தாங்கி

இவருக்கு அது மூன்று வகையிலும் ஏமாற்றும். சாதாரண ஃபோட்டோகுரோமிக் கறுப்பது புற ஊதா பட்டால்தான். காரின் முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, புற ஊதாவை ஏறக்குறைய முழுதும் நிறுத்திவிடும். ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட், அதுவும் நிறுத்திவிடும். ஆகவே காரிலும் மூடிய வைசருக்குள்ளும் அது வெளுத்தே இருக்கும். மூன்றாவது, சூடு. லென்ஸ் சூடாக இருந்தால் கறுக்கும் அளவு குறையும். ஊட்டிக் குளிரில் கறுக்கும் அளவுக்குச் சித்திரை வெயிலில் மதுரையில் கறுக்காது. நடந்து போகிறவருக்கு, ஆபீஸுக்கும் டீக்கடைக்கும் போய் வருகிறவருக்கு நல்ல பொருள். காருக்குள்ளும் கறுக்கும் ரகங்கள் தனியாக உண்டு, அவை வீட்டுக்குள் முழுதாக வெளுக்காது, விலையும் இந்த பட்ஜெட்டைத் தாண்டும்.

இனி ஏவியேட்டர் 62. பவர் இல்லாவிட்டால் சரி என்று சொல்லியிருப்பேன். பவரோடு கணக்குப் பாருங்கள். 62□14 பிரேமில் இரு லென்ஸ் மையங்களுக்கு இடையே 76 மி.மீ. உங்கள் பிடி 63. வித்தியாசம் 13, ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 6.5 மி.மீ. உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிமன். 2.50 பவர், சாதாரண சி.ஆர்-39 பிளாஸ்டிக் லென்ஸ், நடுவில் 2 மி.மீ. என்றால் பொட்டுப் பக்க ஓரம் ஏறக்குறைய 5.5 மி.மீ. வரும். மெல்லிய தங்கக் கம்பி விளிம்புக்குப் பின்னால் அது பிதுங்கிக்கொண்டு நிற்கும். 54□18 எடுத்தால் 4.5 மி.மீ. வெட்டிய தடிமனைப் பிரேம் விளிம்பே மறைத்துவிடும்.

தண்ணீர்த் துளி வடிவத்தில் ஆசை என்றால் அதே ஏவியேட்டர் 55, 58 அளவுகளிலும் வருகிறது. இந்தப் பவருக்கு 55 தாங்கும். ஆனால் முகம் 141 என்பதால் 55-ன் மொத்த அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பைக்குக்கு என்று வளைந்து முகத்தைச் சுற்றி வரும் பிரேம்களைக் காட்டுவார்கள். அவற்றின் லென்ஸ் வளைவு 8 பேஸ். பவர் இல்லாதவருக்கு அருமை. சாதாரண பவர் லென்ஸை அதில் பொருத்தினால் பக்கவாட்டில் பார்க்கும்போது படம் சாயும், தரை மேடாகத் தெரியும். அதற்கென்று கணக்கிட்டுச் செய்யும் லென்ஸ் வேண்டும். 6 பேஸ் வரை உள்ள பிரேமாகப் பாருங்கள்.

#13 நெடுஞ்சாலை

லென்ஸ் பாலிகார்பனேட்டா போடச் சொல்லுங்க. பைக்குக்குக் கல்லு தெறிச்சா அதுதான் தாங்கும். அமெரிக்காவுல விக்கிற கூலிங் கிளாஸுக்கு 16 கிராம் இரும்புக் குண்டை 127 செ.மீ. உயரத்துலருந்து லென்ஸ் மேல போட்டு உடையாம இருக்கணும்னு சோதனையே இருக்கு.

#14 மூக்குத்தாங்கி

நெடுஞ்சாலை அண்ணே, உறுதியில் உங்கள் பக்கம்தான். சிக்கல் வேறு இடத்தில். பாலிகார்பனேட் தானாகச் சாயம் குடிக்காது. மேலே பூசிய பூச்சுதான் கொஞ்சம் குடிக்கும், 85 சதவீத ஆழம் (15 சதவீத ஒளி மட்டும் விடும் கறுப்பு) எளிதில் ஏறாது, ஏறினாலும் திட்டுத் திட்டாக நிற்கும். சி.ஆர்-39 சூடான சாயத் தொட்டியில் முக்கினால் நன்றாகக் குடிக்கும், இரண்டு லென்ஸும் ஒரே நிறத்தில் வரும், பார்வைத் தெளிவும் பாலிகார்பனேட்டை விடக் கூடுதல். எண்ணில் சொன்னால் ஆபே மதிப்பு சி.ஆர்-39-க்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30. மதிப்பு குறைந்தால் ஓரத்தில் நிறப் பிசிறு கூடும். 2.50-ல் பலருக்கு அது தெரியாது, சிலருக்கு உறுத்தும்.

பாலிகார்பனேட்டில் கறுப்பு வேண்டுமென்றால் ஆலையிலேயே படலம் வைத்து வரும் போலரைஸ்டு பாலிகார்பனேட் வாங்கலாம். அது இவருக்கு டி.எஃப்.டி.யில் இடிக்கிறது. டிரைவெக்ஸ் என்ற இன்னொரு லென்ஸ் பொருள் உறுதியானது, சாயமும் குடிக்கும், ஆனால் எல்லா ஊரிலும் உடனே கிடைக்காது, பட்ஜெட்டும் மிஞ்சும்.

#15 ஒளிவிலகல்

இவர் ஓட்டுவது வைசர் மூடிய ஃபுல் ஃபேஸ். கல்லை வாங்கப்போவது வைசர்தான். ஆகவே உள்ளே சி.ஆர்-39 இருந்தால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் நெடுஞ்சாலை சொன்னதே சரி. கனிமக் கண்ணாடி லென்ஸ் எதிலும் வேண்டாம். ரே-பேன் ஏவியேட்டரின் பழைய ஜி-15 லென்ஸ் கனிமக் கண்ணாடிதான், எளிதில் கீறல் விழாது, நிறமும் அழகு, ஆனால் பைக்கில் முகத்தருகே வைக்கும் பொருளல்ல.

#16 நெடுஞ்சாலை

சரி, வைசர் மூடித்தான் ஓட்டுறார்னா விட்டுத்தர்றேன். அப்ப சாம்பல் வேண்டாம், பிரவுன் போடுங்க. தார் ரோட்டுல பள்ளமும் மணலும் பிரவுன்ல பிரிஞ்சு தெரியும்.

#17 கடைவீதி

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. சாம்பல் நிறங்களை மாற்றாது. பிரவுன் நீலத்தைக் குறைப்பதால் மேடுபள்ளம் எடுப்பாகத் தெரியும். சாம்பல்பச்சை இரண்டுக்கும் நடுவே. சிக்னல் விளக்கு மூன்றிலும் சரியாகத் தெரியும். நீலம், ரோஸ் லென்ஸ்கள் கல்யாண வீட்டுக்கு. மேலே கறுத்துக் கீழே வெளுக்கும் கிரேடியன்ட் காருக்கு வசதி, மீட்டரைப் பார்க்கக் கண்ணாடியைத் தூக்க வேண்டாம். மிரர் பூச்சு கூடுதலாகக் கொஞ்சம் ஒளியைத் திருப்பும், ஆனால் கீறல் விழுந்தால் ஊருக்கே தெரியும், நம் வியர்வை உப்பில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும்.

பிரேம் பொருளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மலிவு உலோக பிரேம்களில் நிக்கல், செம்பு கலந்த உலோகம் அதிகம். மேற்பூச்சு தேய்ந்ததும் வியர்வை பட்டு மூக்குத்தாங்கிக்குப் பின்னால் பச்சையாகப் படியும், நிக்கல் ஒத்துக்கொள்ளாதவருக்கு மூக்கிலும் பொட்டிலும் அரிக்கும். டைட்டானியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அசிடேட்டுக்கும் இல்லை, ஆனால் வியர்வையும் சன் ஸ்க்ரீனும் பட்டுப் பட்டு வெளுத்து மங்கும், கடையில் பாலிஷ் போட்டால் திரும்பும். டி.ஆர்-90 என்ற நைலான் வகை பிளாஸ்டிக் எடை குறைவு, வளைத்தால் உடையாது. அதே குணத்தால் சூடாக்கி வளைத்தாலும் நிற்காமல் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். வாங்கும்போதே சரியாக உட்கார வேண்டும், அப்புறம் சரிசெய்து கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயனில்லை. அசிடேட்டின் காதுக்கம்பிக்குள் உலோகக் கம்பி ஓடும், சூடு காட்டி வளைக்கலாம்.

#18 தல்லாகுளம்

புரிகிறது. 54□18 145, டி.ஆர்-90, 6 பேஸ், சி.ஆர்-39 பிரவுன், போலரைஸ்டு இல்லாமல். பிரேமும் லென்ஸும் சேர்த்துப் பட்ஜெட்டுக்குள் வருமா? ஆர்டர் சீட்டில் என்னென்ன எழுதச் சொல்ல வேண்டும்? டி.ஆர்-90 பிரேமில் மூக்குத்தாங்கி தனியாக இருக்குமா?

#19 மூக்குத்தாங்கி

பெயர் பெற்ற பிராண்டு பிரேமைத் தேடாவிட்டால் தாராளமாக வரும். மூக்குத்தாங்கி இரண்டு விதமாகவும் கிடைக்கும். மூக்கின் மேல்பகுதி தட்டையாக இருப்பவருக்குப் பிரேமோடு வார்த்த மூக்குப் பகுதி நழுவும். ஸ்க்ரூவில் மாட்டிய சிலிக்கான் தாங்கி இருந்தால் அகட்டி, நெருக்கி உயரத்தைச் சரிசெய்யலாம், மஞ்சளானால் மாற்றலாம்.

சீட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: சி.ஆர்-39, யூவி 400, பிரவுன் 85 சதவீதம் ஒரே சீராக, ஹார்டு கோட் (கீறல் தடுப்புப் பூச்சு), லென்ஸின் உள்பக்கம் மட்டும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, பிடி வலது 31.5 இடது 31.5. அந்த 31.5-ஐ நானாக 63-ஐ இரண்டாக வகுத்துப் போட்டேன். மூக்கு நடுவில் இல்லாதவர்கள் நிறையப் பேர். கடையில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக அளக்கச் சொல்லி அந்த எண்களை எழுதுங்கள். கண்மணி உயரத்தையும் பிரேமைப் போட்டபடி மையில் புள்ளி வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

85 சதவீத டின்ட் என்றால் அவ்வளவை விழுங்கும், 15 சதவீதத்தை விடும் என்று பொருள். மூன்றாம் வகை. சிலர் 50 சதவீதம் போட்டுக் கொடுத்துவிட்டு இதுவே போதும் சார் என்பார்கள். அது முதல் வகை, வெயிலுக்குப் பற்றாது.

உள்பக்கப் பூச்சு எதற்கு என்று கேட்பீர்கள். கறுப்பு லென்ஸின் உள்பக்கம் கண்ணாடி போல வேலை செய்யும். சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது உங்கள் கண்ணும் கன்னமுமே அதில் தெரியும்.

#20 கடைவீதி

வாங்கி வரும்போது: இரண்டு லென்ஸையும் ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள், நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று. ஒன்று செம்பழுப்பு, இன்னொன்று பச்சைப் பழுப்பு என்றால் தனித்தனியாக முக்கியிருக்கிறார்கள். லென்ஸோமீட்டரில் வைத்துப் பவரையும் மையத்தையும் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் வறட்டுத் துணியால் துடைக்காதீர்கள், சட்டை நுனியும் வேட்டி முந்தியும் அதில் சேர்த்தி. லென்ஸில் இருப்பது மணல். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு விரலால் தேய்த்து அலசி, பிறகு மைக்ரோஃபைபர். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். காரின் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் அந்தச் சூட்டில் பூச்சு மண் வெடித்தது போல விரியும், போலரைஸ்டாக இருந்தால் ஓரத்தில் படலம் பிரியும். இரண்டையும் சரிசெய்ய வழியில்லை, லென்ஸ்தான் மாற்ற வேண்டும்.

#21 மட்டுறுத்துநர்

தலைப்பை ஒட்டி ஒரு குறிப்பு. கிரகணம் வரும்போதெல்லாம் இந்த இழைக்கு வந்து கூலிங் கிளாஸ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். நான்காம் வகை லென்ஸும், இரண்டு கண்ணாடியை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாலும், கூடாது. சூரியனைப் பார்க்கும் வடிகட்டி வேறு, அதற்கு வேறு தரக்குறியீடு.

#22 தல்லாகுளம்

நன்றி. கடைசியாக ஒன்று. 85 போட்டு ரொம்பக் கறுப்பாகப் பட்டால் குறைக்க முடியுமா, இல்லை லென்ஸ் வீணா?

#23 மூக்குத்தாங்கி

சி.ஆர்-39 என்பதால் சாயத்தை வெளுத்துவிட்டு மறுபடி முக்கலாம், ஆனால் மேலே பூச்சு ஏறுவதற்கு முன்பு மட்டும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு ஏறிவிட்டால் சாயம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஆகவே சாயம் முக்கியதும் பூச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை கடைக்கு வந்து பார்க்கிறேன் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். பட்டறை வெளியூரில் என்றால் அது நடக்காது. அப்போது கடையில் இருக்கும் டின்ட் மாதிரி வட்டுகளில் 85-ஐ எடுத்துக்கொண்டு நடு மத்தியானம் வாசலில் நின்று சாலையைப் பார்த்து, கூசினாலும் இருட்டினாலும் அங்கேயே எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 82-க்குக் கீழே இறங்கினால் இரண்டாம் வகையாகிவிடும்.